பத்து நிமிடத்துக்கு ஒரு ‘இருக்கிறேன்’

ஏப்ரல் 16

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அறுபத்தொரு நாள். சங்குமுனைத் துறைமுகத்தில் நாற்பத்தாறு விசைப்படகுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தலைவலி.

இந்த நோட்டு, படகுச் சங்கத்துச் செயலாளர் கஸ்பார் அண்ணாச்சி கொடுத்தது. “செஞ்ச வேலைய அன்னன்னைக்கு எழுதி வையிம்மா” என்றார். வேலையை மட்டும் எழுதுவது என் குணத்துக்கு ஆகாது. அவருக்கு வேறொன்று சுருக்கமாக எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

வேலை இதுதான். ஒவ்வொரு படகிலும் குட்டித் திரையோடு ஒரு சின்னக் கருவி. ஊரில் அதற்குப் பெயர் பொட்டி. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று கரைக்குச் சொல்லும், நிற்கும் இடத்தையும் சேர்த்து. சங்கக் கட்டடத்தின் பின்னறையில் ஒரு சர்வர். நாற்பத்தாறு பேர் சொல்வதையும் கேட்டுக்கொண்டே இருப்பது அதன் பிழைப்பு. யாராவது வெகுநேரம் சொல்லாவிட்டால் சங்கு ஊதும். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் பதினோரு வருடம் இந்த மாதிரி இயந்திரங்களோடுதான் குடித்தனம் நடத்தினேன். அதனால் நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

ஜூன் 15 காலை படகுகள் புறப்படும்போது சர்வர் தயாராக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 18

சர்வர் வந்து இறங்கியது. துணி வைக்கும் பீரோவில் பாதி உயரம். கஸ்பார் அண்ணாச்சி அதற்கு ஒரு முழம் மல்லிகைப்பூ போட்டார். காற்றுப் போகும் துவாரத்தை அடைக்கிறது என்று நான் எடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. மேலே ஓரமாக வைத்தேன்.

ஏப்ரல் 21

என் வீட்டுக்காரர் ரெய்மண்ட் பற்றி எழுதாமல் இந்த நோட்டு நகராது போலிருக்கிறது.

முப்பத்தொன்றாம் எண் படகின் டிரைவர் அவர். இரண்டு வருடத்துக்கு முன் நடுக்கடலில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து படகு நின்றுவிட்டது. படகுக்குப் படகு இடம் காட்ட அப்போது இருந்த பழைய கருவியும் கெட்டுப்போயிருந்ததால் எங்கே நிற்கிறார்கள் என்று கரையில் யாருக்கும் தெரியாது. நான்கு நாள். நாற்பது படகுகள் தேடின. ஐந்தாம் நாள் காலையில் வேறு ஊர்ப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஐஸ் உருகி, படகு நிறைய பாரை மீன் நாறிக் கிடந்தது. அத்தனையையும் கடலில் கொட்டினார்கள். அந்த நாற்றம் அவர் சட்டையைவிட்டுப் போகவேயில்லை. நான்தான் எரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவில்லை. ஐஸ் கம்பெனியில் வேலை. “கரையில ஒரு சர்வர் ஓடட்டும், பொறவு போங்க” என்று நான் சொன்னேன். “சரி செலி” என்றார். இப்போது சர்வர் வந்துவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஏப்ரல் 27

இன்று தொடக்க அமைவுக் கோப்பை எழுதினேன். சர்வர் கண் விழித்ததும் முதலில் படிப்பது இதைத்தான். இதில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்கு ஞாபகம், புத்தி எல்லாம். நீளமான கோப்புதான். ஆனாலும் உயிர் ஐந்து வரியில் இருக்கிறது:

படகுகள்: 46
சொல்லும் இடைவெளி: 10 நிமிடம்
பொறுக்கும் நேரம்: 2 மணி
இடம் காட்டு: எல்லோருக்கும்
மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்கு: இல்லை

கடைசி வரியில் ‘ஆம்’ போடுவதுதான் வழக்கம். ஆள் ஒருவர் பார்த்துத் தொடங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆள் நான்தான்.

மே 3

நாட்டுப் படகுகளுக்குத் தடை கிடையாது. அதனால் ஐந்து வள்ளங்களில் பொட்டி மாட்டிச் சோதனை தொடங்கியாயிற்று. திரையில் ஐந்து பச்சைப் புள்ளிகள் மெதுவாகக் கடலுக்குள் போனதைப் பார்க்க அரைத் துறைமுகமும் பின்னறைக்குள் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவில் ஒரே கைரேகை.

மே 5

இரண்டு பொட்டிகள் காலை ஏழு மணிக்கு ஊமையாகிவிட்டன. ஒன்பதுக்குத் தாமாக உயிர் வந்தது.

மே 9

மீண்டும் அதே கதை. இன்றைக்கு மூன்று. கரைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் நல்ல பிள்ளையாக ஓடுகின்றன. ஒயரை மாற்றினேன். உப்புத் தண்ணீர் படாதபடி மூடியைச் சுற்றிப் பசை வைத்தேன். லடிஸ்லாஸ் அண்ணனைக் கேட்டேன். அவரும் விசைப்படகு டிரைவர்தான், தடைக்காலத்தில் தம்பியின் வள்ளத்தில் போகிறார். “கடல்ல கெடக்க சாமானு தாயி. நம்மளே கெட்டுப் போறோம், அது கெடாதா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 14

கோபுரத்தில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பி வைக்க ஆள் வந்தது. பயனில்லை.

சாயங்காலம் மாதா வணக்கமாத செபமாலைக்குப் போனேன். ஐம்பத்து மூன்று மணிகளை உருட்டும்போதும் கோப்பின் வரிகள்தான் ஓடின. மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

மே 20

வெறும் புத்திக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டிவிட்டது.

குழம்புக்கு மீன் வாங்க ஏலக்கூடத்துக்குப் போனேன். ஐந்து வள்ளத்து மீனும் தனித்தனிக் குவியலாகக் கிடந்தது. நான்கு சின்னக் குவியல், ஒன்று மட்டும் மலை. மலைக்குச் சொந்தக்காரர் லடிஸ்லாஸ் அண்ணன். இன்று காலை ஊமையாகிப் போனதும் அவர் பொட்டி ஒன்றுதான்.

மீன் வாங்காமலே ஓடிவந்து பதிவுகளைப் புரட்டினேன். கஸ்பார் அண்ணாச்சியின் ஏலப் பதிவேட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மே 5, மே 9, மே 12, மே 17. எந்த வள்ளத்துப் பொட்டி ஊமையோ அந்த வள்ளத்தில்தான் மீன்.

கெடவில்லை. அணைக்கிறார்கள். நல்ல மீன்பாடு கண்டதும் அடுத்தவன் திரையில் பார்த்து வந்துவிடக்கூடாது என்று அணைக்கிறார்கள். நான் என்னடாவென்றால் பதினோரு நாள் பசை தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். படித்த முட்டாள் என்று ஒரு ஜாதி உண்டு, நான் அதில் மூத்த உறுப்பினர்.

மீன் நிறைய என்றால் பொட்டி ஊமை. இதை எழுதிவிட்டு ஏப்ரல் 21 பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.

மே 21

படகுத் தளத்தில் என் வீட்டுக்காரர் முப்பத்தொன்றாம் படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“அன்னைக்கு ஒங்க பொட்டி கெட்டுப் போச்சா, அணைச்சியளா?”

பிரஷ் நிற்கவில்லை. ஒரு பலகை முழுவதும் அடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

“அணைச்சேன்.”

“ஏன்?”

“அப்பிடியொரு பாரை மீன் கூட்டம், செலி. தண்ணியே வெள்ளியா கெடந்துச்சு. எவனும் வந்துரக் கூடாதுன்னு அணைச்சேன். சாயங்காலம் எஞ்சின் நின்னுச்சு. உள்ள வந்த தண்ணி பேட்டரியையும் முக்கிட்டு. பொறவு போட்டா வரல. எத்தன தடவ போட்டேன் தெரியுமா? வெரலு தேஞ்சு போச்சு.”

“ரெண்டு வருசமா கெட்டுப் போச்சுன்னுல்லா சொன்னிய?”

“அஞ்சு பேரு வீட்டுல போயி, நாந்தான் அணைச்சேன்னு எப்பிடிச் சொல்ல?”

நான் திரும்பி நடந்துவிட்டேன். அந்த நான்கு நாளும் கரையில் நின்று, கருவி செய்த கம்பெனிக்காரன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினேன். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் இன்று மன்னிப்புக் கேட்டேன்.

மே 24

மூன்று நாளாக அவரோடு பேச்சு இல்லை. சோறு வைக்கிறேன். குழம்பு ஊற்றுவதில்லை. அவரே ஊற்றிக்கொள்கிறார்.

மே 26

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். கோப்பில் தப்பு என்னுடையது. ‘இடம் காட்டு: எல்லோருக்கும்’ என்று எழுதியவள் நான். எல்லாருக்கும் காட்டினால்தானே ஒருவருக்கொருவர் உதவலாம் என்று நினைத்தேன். கடலில் மீன் கிடைக்கும் இடம் என்பது வீட்டுப் பெட்டிச் சாவி. அதைத் திரையில் மாட்டி வைத்தால் யார் பொறுப்பார்கள்?

மாற்றினேன். ‘இடம் காட்டு: கரைக்கு மட்டும்.’ கரை என்றால் நான்.

மே 30

சங்கத்தில் டிரைவர்கள் கூட்டம். நின்றுகொண்டே விளக்கினேன். இனிமேல் ஒரு படகுக்கு இன்னொரு படகு தெரியாது, கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். அப்புறம் லடிஸ்லாஸ் அண்ணன் எழுந்தார்.

“தாயி, கோவிச்சுக்கிடக் கூடாது. ஒம் மாப்ள யாரு?”

“ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?”

“முப்பத்தொண்ணு டிரைவரு. நீ பாத்தா அவன் பாத்த மாதிரிதான. ராத்திரி சோத்துக்கு இருக்கும்போது வாயில வந்துராதா?”

சிரிப்பு. கஸ்பார் அண்ணாச்சி, “ஏல, பொம்பளப் புள்ளட்ட என்ன பேச்சு!” என்று அதட்டினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சோற்றுக்கு இருக்கும்போது நாங்கள் பேசுவதேயில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 1

லடிஸ்லாஸ் அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

ஜூன் 2

யாருக்கும் காட்டாமல் இருந்தால்?

இடத்தைச் சர்வர் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். படகு பொறுக்கும் நேரத்துக்கு மேல் பேசாமல் இருந்தால், அல்லது அபாயப் பொத்தானை அமுக்கினால், அப்போது மட்டும் திறக்கட்டும். மற்ற நேரத்தில் திரையில் ‘இருக்கிறேன்’ மட்டும். எங்கே என்பது எனக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாது. இந்த வேலையை நான் கேட்டு வாங்கியதே, முப்பத்தொன்று எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத்தான். அதை எழுதிவிட்டேன், இனி மறைப்பானேன்.

ஜூன் 5

மறுபடி கூட்டம். “எழுதுனவளுக்குத் திறக்கத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்டார். கேட்பார்கள் என்று தெரிந்தே போயிருந்தேன். எங்கள் மாதா கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சாமியாரிடம், இன்னொன்று ஊர்க் கமிட்டியிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். அதேபோல் கோப்பின் கடவுச்சொல்லில் முன்பாதியைக் கஸ்பார் அண்ணாச்சி அடிப்பார், பின்பாதியை லடிஸ்லாஸ் அண்ணன் அடிப்பார், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன் என்றேன். கடலுக்குப் போகும்போது லடிஸ்லாஸ் அண்ணன் தன் பாதியை மூடிய கவரில் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பதின்மூன்றாம் தேதி பூட்டு.

லடிஸ்லாஸ் அண்ணன் வெகுநேரம் மீசையைத் தடவினார். “ஒனக்கு இதுல என்ன லாபம் தாயி?”

“பொட்டிய யாரும் அணைக்க மாட்டிய. அதான்.”

சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் அதுதான் சரி.

பொறுக்கும் நேரத்தை அவரவர் சொல்லட்டும் என்றேன். எல்லாரும் இரண்டு மணி என்றார்கள். கடைசியில் வாசல் பக்கம் நின்றிருந்தவர் கை தூக்கினார். “முப்பத்தொண்ணுக்கு அரை மணி போடு.” யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழம்பு ஊற்றினேன்.

ஜூன் 8

சர்வரில் இன்னும் சில சோதனைகள் பாக்கி. வெயில் அதிகமானால் எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்தால் கோபுரம் ஆடுமா என்றும்.

ஜூன் 10

கஸ்பார் அண்ணாச்சி கேட்டார்: “முடிஞ்சுதாம்மா?”

“இன்னும் ஒரு சோதனை அண்ணாச்சி.”

“முந்தாநாளும் அதான சொன்ன?”

ஜூன் 11

என் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். “அஞ்சு நாளா இது ஒரு தும்மல் கூட இல்லாம நல்லாத்தான ஓடுது செலி.”

“ஒங்களுக்கு என்ன தெரியும்?” என்றேன்.

ஜூன் 12

பயமாக இருக்கிறது. சர்வர் முடியாதவரை அவர் போக முடியாது. அதனால் சர்வர் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒன்றும் பழுதில்லை, எழுதியவளைத் தவிர.

ஜூன் 13

அந்தோனியார் திருநாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர். திருப்பலி முடிந்ததும் சாமியார் படகுகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தார். சர்வரையும் மந்திரிக்க வேண்டும் என்று கஸ்பார் அண்ணாச்சி பிடிவாதம். தீர்த்தம் உள்ளே போனால் மோட்சத்துக்கே போய்விடும் என்று நான் மழைக்கோட்டு ஒன்றைப் போர்த்தினேன். சாமியார் சிரித்துக்கொண்டே இரண்டு சொட்டோடு நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு கோப்பைத் திறந்து கடைசி வரிக்கு வந்தேன். ‘தானாகத் தொடங்கு: இல்லை.’ நான் வந்து பொத்தானை அமுக்கும்வரை நாற்பத்தாறு குடும்பமும் காத்திருக்க வேண்டும் என்று என்ன திமிரில் எழுதினேன் தெரியவில்லை. ‘ஆம்’ என்று மாற்றினேன்.

பிறகு கஸ்பார் அண்ணாச்சியையும் லடிஸ்லாஸ் அண்ணனையும் கூப்பிட்டேன். இரண்டு பாதிகளும் அடிக்கப்பட்டன. நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 15

ஐந்து மணிக்குப் புறப்பட்டார்கள். பலகையில் வைத்த காலை அவர் ஒருமுறை பின்னுக்கு எடுத்து மறுபடி வைத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “வாரேன்” என்றார். “வாங்க” என்றேன். இரண்டு வருடத்துக்கு அப்புறம் போகிறவரிடம் வேறு நல்ல வார்த்தை வந்திருக்கலாம்.

5:11. 31, இருக்கிறேன்.
5:21. 31, இருக்கிறேன்.

நல்ல காலம், எங்கே என்று தெரியவில்லை. தெரிந்தால் வரைபடத்தைத் தின்றிருப்பேன்.

ஜூன் 16

காலை எட்டு மணிக்கு லடிஸ்லாஸ் அண்ணன் படகு பேச்சை நிறுத்தியது. ஒரு மணி ஐம்பது நிமிடம். சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்ப வந்து ‘இருக்கிறேன்’ என்றது. கடவுச்சொல்லில் பாதி போட்ட மனுஷன்! வரம்பு எவ்வளவு என்று நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கிறார். இன்னும் ஏழெட்டுப் படகுகளிலும் இந்தக் கதைதான். பழக்கம் இரண்டு நாளில் போகாது. ஆனால் வரம்பை யாரும் தாண்டவில்லை.

மத்தியானம் வீட்டில் உலை வைத்திருந்தேன். 12:02க்கு மின்விசிறி நின்றது. கரண்டியோடு ஓடினேன். மின்சாரம் போனாலும் சர்வரை அரை மணி தாங்கும் பேட்டரி இருக்கிறதே என்று பாதி வழியில் ஞாபகம் வந்து மூச்சு வாங்க நின்றேன். சங்கத்துக்குள் நுழைந்தால் சர்வர் செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் கஸ்பார் அண்ணாச்சியின் மேசை விசிறி மட்டும் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. காலையிலிருந்து புழுக்கம் தாங்காமல், மின்னழுத்தம் குறைந்து ஓடாமல் நின்ற விசிறியை அந்தப் பேட்டரியில் சொருகி, இருந்த உயிரை எல்லாம் காற்றாக வாங்கியிருக்கிறார்.

“கொஞ்ச நேரந்தாம்மா போட்டேன்...”

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கரண்டி இருந்தது ஆபத்து.

12:08க்கு மின்சாரம் வந்தது. நான் பொத்தானைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. சர்வர் தானே விழித்து, கோப்பை வரி வரியாகப் படித்தது. 12:12க்கு ‘கேட்கத் தயார்’ என்றது. தங்கள் தங்கள் நிமிடம் வர வர ஒவ்வொரு படகாகப் பேசின. 7, இருக்கிறேன். 19, இருக்கிறேன். 40, இருக்கிறேன். பத்துப் படகு, இருபது படகு, நாற்பத்தைந்து படகு.

முப்பத்தொன்று மட்டும் இல்லை.

அதன் முறை 12:11. சர்வர் விழிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால். கணக்குப்படி அடுத்தது 12:21 என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரிந்துகொண்டே ஒன்பது நிமிடம் நிற்பது தெரியாமல் நிற்பதைவிடக் கொடுமை. அண்ணாச்சி என் பக்கத்தில் நின்று அருள்நிறை மரியே செபம் சொல்ல ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

12:21. 31, இருக்கிறேன்.

அண்ணாச்சி என் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு டீ சொன்னார். வீட்டில் சோறு குழைந்து களியாகிவிட்டது. அதையே சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 17

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார்கள். துறைமுகம் முழுக்கச் சத்தம். முப்பத்தொன்றிலிருந்து கூடை கூடையாகப் பாரை மீன் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்ணி முடியவில்லை. லடிஸ்லாஸ் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “எங்கன புடிச்ச மாப்ள?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது அண்ணே” என்றேன். உண்மையைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

இவ்வளவு மீன் என்றால் பெரிய கூட்டத்தைக் கண்டிருக்கிறார். அணைத்திருப்பாரோ? நேராகப் பின்னறைக்குப் போய் முப்பத்தொன்றின் பதிவை மட்டும் எடுத்து எண்ணினேன். அறுபது மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் முந்நூற்று அறுபது வர வேண்டும். முந்நூற்று ஐம்பத்தொன்பது இருந்தது. இன்னொரு தடவை எண்ணினேன், அதேதான்.

திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். முகமெல்லாம் உப்பு. சட்டையில் அதே மீன் வாடை. இந்தத் தடவை எரிக்க மாட்டேன்.

“ஒண்ணு கொறையுது” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “நான் அணைக்கல செலி. கூட்டத்துக்கு நடுவுல நின்னப்பகூட அணைக்கல. மாதா மேல சத்தியமா...”

“தெரியும். அது நீங்க இல்ல. அந்த நேரம் நாங்கதான் இங்க இல்ல. கொறஞ்சது கரைப் பக்கம்.”

அவர் பதிவைக் கையில் வாங்கி, அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே கீழே போனார். 12:01க்கும் 12:21க்கும் நடுவில் விரல் நின்றது.

“சரி, போட்டும்” என்றார். “ஒண்ண மன்னிச்சாச்சு.”